வகுப்பில் சொன்னதற்குக் காப்பு இல்லை

சட்டம் கற்பிக்கும் வேலைக்கு நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் சித்தூரில் என் வீட்டுக்கு வந்து, பாடம் நடத்தும் முறையை எப்படி மாற்றலாம் என்று ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நோட்ஸ் எழுத வைப்பதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும், அவர்கள் வாழ்க்கையிலிருந்து சட்டத்துக்கு வர வேண்டும் என்றீர்கள். நான் காபி கொடுத்து அனுப்பினேனே தவிர அதிகம் பேசவில்லை. வயதாகிவிட்டது, புதியது எதுவும் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. நீங்கள் சொன்ன அத்தனையும் நான் செய்து பார்த்ததுதான். அதில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை அன்று சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

திருப்பதியில் சட்டக் கல்லூரி வேலையில் நான் எடுத்த பாடங்கள் இரண்டு. ஒன்று சாட்சியச் சட்டம், மற்றது அரசியலமைப்பு. பணிக்காலத்தின் பெரும்பகுதி எல்லாரையும் போல நின்றுகொண்டு சொன்னேன், பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு எழுதினார்கள். என் நோட்ஸ் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாக விற்றது. ஒரு வருடம் நான் வாய் தவறிச் சொன்ன பிரிவு எண், அடுத்தடுத்த வருட விடைத்தாள்களிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

ஒருமுறை ஒரு சொந்த வேலையாகச் சித்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்து முதல் வகுப்பில் தேறிய ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றான். ஒரு பெண் அவனிடம் வந்து, தன் வீட்டுக்காரர் இன்றைக்கு வெளியே வந்துவிடுவாரா என்று கேட்டாள். அவன் பிரிவு எண்ணைச் சொன்னான். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். அவன் உட்பிரிவைச் சொன்னான். அது நான் எழுதிப்போட்ட வாக்கியம். கமா உட்பட என்னுடையது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, வராந்தாவில் வேறொரு கறுப்புக் கோட்டைத் தேடிப் போனாள்.

அதற்கப்புறம்தான் மாற்றினேன். எங்கள் வகுப்பில் பெஞ்சுகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வட்டமாக உட்கார வழியில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பி மேசைமேல் உட்காரட்டும் என்றேன். ஒரே ஒரு விதி வைத்தேன். மனுதாரர், எதிர்மனுதாரர் என்று யாரும் பேசக் கூடாது. யாருக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து சொல்லுங்கள். சட்டத்துக்கு அப்புறம் வரலாம்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பேசினார்கள். சூளூர்பேட்டைப் பையன் ஒருவன், ஏரியில் வலை போடக் கூடாது என்று போர்டு வைத்த அன்று தன் சித்தப்பா வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொன்னான். நகரிக்காரன் ஒருவன், பவர்லூமில் விரல் போன தன் அண்ணனுக்கு நஷ்டஈடு ஏன் வரவில்லை என்று சொன்னான். தொழிலாளி என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் என்று வகுப்பே அடித்துக்கொண்டது. அட்டெண்டன்சுக்காக வந்தவர்கள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். உங்கள் முகத்தில் அன்று பார்த்ததும் அதுதான்.

ரேவதி அந்த வகுப்பில் இருந்தாள். நகரிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அவளுடைய அப்பா மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். அவர் பக்கம் மாரியம்மன் கோயில். அம்மா எங்கள் மாவட்டத்தின் பழைய கிறிஸ்தவ சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே சாதி. அதனால் கல்யாணத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. பெண்ணின் சான்றிதழில் அப்பாவின் வழியே இந்து, எஸ்.சி. என்று இருந்தது. அது பொய்யில்லை. வகுப்பில் வாயே திறக்காத பெண். என்னிடம் மட்டும், யாரும் பக்கத்தில் இல்லாதபோது தமிழில் பேசுவாள்.

அந்த வாரம் எடுத்த பாடம், பட்டியல் சாதியினர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது என்பது. கிறிஸ்தவ மதத்துக்குப் போனவருக்கு அந்தத் தகுதி போய்விடும், அவரை யாராவது சாதி சொல்லி அடித்தாலும் அதற்கென்று உள்ள சட்டத்தை அவர் துணைக்கு அழைக்க முடியாது. இதுதான் நிலைமை. நான் ரேவதியின் அம்மா பிறந்த அதே சபையைச் சேர்ந்தவள். என் அப்பா கிறிஸ்தவர் என்றே எழுதிக்கொடுத்து, அதற்குரிய பி.சி. பிரிவில் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் சபையில் எத்தனையோ வீடுகள் வேறு மாதிரி எழுதிக்கொடுத்தன என்பதும் எனக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவன் எழுந்தான். சாதியே இல்லை என்ற மதத்துக்குப் போனவர்களுக்குச் சாதியின் பெயரால் சலுகை எதற்கு என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. பல தீர்ப்புகளில் இருக்கும் வாதம்தான் அது. யாராவது பதில் சொல்லுங்கள் என்றேன்.

ரேவதி உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தாள். தெலுங்கில்தான் சொன்னாள்.

"திருப்பதியில் நானும் என் தோழியும் ரூம் தேடிப் போனோம். வீட்டுக்காரம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ரூம் இல்லை என்றுவிட்டார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு சர்ச்சுக்குப் போகிறேன். போகும்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறேன், திரும்பி வருவதும் அந்தப் பக்கத்துக்குத்தான்."

கேள்வி கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாதம் அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த கணமே, எஸ்.சி. இடத்தில் படிக்கும் பெண் சர்ச்சுக்குப் போவதாக எல்லார் முன்னும் சொல்லிவிட்டாள் என்பது புரிந்தது. இங்கே பேசுகிறவர்கள் கட்சிக்காரர்களின் இடத்தில் நின்று பேசுகிறார்கள், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லிப் பாடத்தை முடித்தேன். அவள் கட்சிக்காரரின் இடத்தில் நின்று பேசவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் கல்லூரி முதல்வர் அழைத்தார். கையெழுத்தில்லாத புகார் ஒன்று வந்திருந்தது. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு எஸ்.சி. இடத்தில் படிக்கிறாள், வகுப்பிலேயே ஒப்புக்கொண்டாள் என்று எழுதியிருந்தது. முதல்வர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

"இதைச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பாமல் வைத்தால் நாளைக்கு டி.வி.க்காரர்கள் கேட்டில் நிற்பார்கள் மேடம். விசாரிப்பது அவர்கள் வேலை. நம்மிடம் கேட்பார்கள். அந்தப் பெண் வகுப்பில் அப்படிச் சொன்னாள் என்று எழுதிக்கொடுங்கள். இல்லை, சொல்லவில்லை என்று எழுதிக்கொடுங்கள். எது என்றாலும் எனக்குச் சம்மதம். ஏதாவது ஒன்றை எழுதுங்கள்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இன்னொன்று. உங்கள் பெயரைப் பார்த்தாலே எந்தச் சபை என்று தெரியும். நீங்கள் எழுதுவதை அதோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்."

சாட்சியச் சட்டத்தில் ஒரு பகுதியை வருடாவருடம் எடுப்பேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் மனைவிக்குள் பேசியதற்கும் காப்பு உண்டு. மாணவர் ஆசிரியரிடம் சொன்னதற்கு இல்லை. இல்லாதவற்றை யாரும் பாடமாக எடுப்பதில்லை. பிள்ளைகளின் வாழ்க்கையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டபோது, கொண்டுவந்ததை வைக்கப் பூட்டுள்ள ஒரு பெட்டி என்னிடம் இல்லை.

ரேவதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"உனக்கு ஞானஸ்நானம் ஆயிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அம்மாவுக்குத்தான்."

"அப்போ நீ இந்துதான். சட்டப்படி உன் பக்கம் பலமா இருக்கு. அம்மாவுக்குத் துணையாத்தான் போறேன், எனக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டா போதும்."

"மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறப்போ நைனாகூட நிக்கறேன். சர்ச்சில அம்மாகூட பாடறேன். எனக்கு ரெண்டும்தான் மேடம். இதுல எது இல்லன்னு சொல்றது?" என்றாள்.

"சட்டம் ஒண்ணுதான் கேக்கும்."

"தெரியும் மேடம். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." அதை அவள் கசப்பாகச் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நீங்க பேசச் சொன்னீங்கன்னு நான் பேசல மேடம். எனக்கே அன்னிக்கு சொல்லணும்னு இருந்துது," என்றாள்.

அவள் சொல்லவில்லை என்று நான் எழுதியிருக்கலாம். அது பொய். பொய்ச் சாட்சி என்றால் என்ன என்று வருடாவருடம் சொல்லிக்கொடுத்தவள் நான். மற்றவர்கள் உண்மையைச் சொன்னால் என் பொய் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சொன்னாள் என்று எழுத என் கை வராது. கடைசியில் மூன்றாவதாக ஒன்றை எழுதினேன். வகுப்பில் மாணவர்கள் பல தரப்புகளிலும் நின்று வாதிட்டார்கள், அதில் எது யாருடைய சொந்த நிலை என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது என்று.

முதல்வர் படித்துவிட்டு, "இயலாதா, விருப்பம் இல்லையா?" என்று கேட்டார்.

"இயலாது என்றுதான் எழுதியிருக்கிறேன் சார்."

அவர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். நியாயமான, கவனமான வாக்கியம் என்று அன்று நானும் நினைத்தேன். வகுப்பில் இருந்த வேறு இருவர், கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த குறிப்பில் என் வாக்கியம் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: ஆசிரியர் மறுக்கவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நாம் வகுப்பில் சொல்வோம். வெளியே எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் ஒருநாள் இப்படி ஒரு காகிதத்தைக் கேட்பார்கள். நடுவில் நிற்க இடம் இருப்பதுபோல அப்போது தெரியும். அந்த இடத்தில் நிற்கும்முன், அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்புக்குத் திரும்பவும் போனது எனக்கு நினைவிருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி உட்காரவில்லை. எல்லாரும் கரும்பலகையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். புகார் எழுதியது இவனா, அவளா என்று என் கண் தானாகத் தேடியது. அவர்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். ரேவதி கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். சூளூர்பேட்டைப் பையன்தான் பேசினான். மெதுவாக, கெஞ்சுவதுபோல, "நோட்ஸ் செப்பண்டி, மேடம்" என்றான். நோட்ஸ் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். நான் சொன்னேன். மணி அடிக்கும்வரை பேனாச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

சித்தூரில் விசாரணைக்கு அவளையும் அப்பா அம்மாவையும் அழைத்திருந்தார்கள். நானும் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வெளியே பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒல்லியான பெண்மணி. புதுப்புடவை கட்டியிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லாததை அன்றுதான் கவனித்தவர்போல முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள கேட்டா, நம்பிக்கை இல்லன்னு சொல்லிடு," என்றார் மகளிடம். "சொன்னா இன்னா? ஆண்டவருக்குத் தெரியாதா?"

"உன் முன்னாடி எப்டிம்மா சொல்றது?"

"நான் வேற பக்கம் பாத்துக்கினு இருக்கேன்."

கதவு திறந்தே இருந்தது. அதிகாரி குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ரேவதி சொன்னாள். அம்மாவுக்குத் துணையாகப் போவேன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பாட்டு பாடத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் சொன்னாள். அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பி, நீங்கள்தான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்க சார். நான்தான் இட்டுக்கினு போவேன். அவளுக்கு அது ஆவாது," என்றார் அம்மா. அவரிடம் யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். "இனிமே இட்டுக்கினு போவமாட்டேன்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்ஸுக்காக உட்கார்ந்தோம். சாப்பிடலாம் என்றேன். யாருக்கும் வேண்டாமாம். அம்மா ஒரு முனையில், மகள் மறுமுனையில். அப்பா எழுந்து என்னிடம் வந்தார்.

"நல்லா முடிஞ்சுபூச்சு இல்லீங்களா, மேடம்?"

"நல்லாத்தான் முடிஞ்சுது. சான்றிதழுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் ஏன் ரெண்டு பேரும் இப்டி ஒக்காந்துக்கினு இருக்காங்க?" என்று கேட்டார். நான் எழுந்து, நகரி பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன்.

உத்தரவு அவள் பக்கமே வந்தது. சான்றிதழ் செல்லும். அவள் படித்து முடித்தாள். இறுதித் தேர்வுவரை அவள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. அம்மா வாக்கைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் தனியாகச் சர்ச்சுக்குப் போய்வந்தார். மகள் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்காமல் இருப்பது எங்கள் சபையில் மரியாதை.

பழையபடி நோட்ஸ் சொல்வதற்கு நான் திரும்பிப் போனேனா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பருவம் போனேன். பிறகு முடியவில்லை. கோர்ட் வராந்தாவில் நின்ற அந்தப் பெண்ணை மறக்க முடியாது. மறுபடி பேச வைத்தேன், வேறு விதமாக. ஒவ்வொருவருக்கும் பிறர் கதை ஒன்றைக் கொடுத்தேன். மீனவர் மகனுக்கு மலை கிராமத்துக் கதை, வழக்கறிஞர் மகளுக்குக் கூலிக்காரர் கதை. அதற்குள் நின்று பேசட்டும். தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கு இருந்தால், இது எங்கே எல்லாம் போகலாம் என்று முதலில் தனியாக அழைத்துச் சொல்வேன். அதற்கப்புறமும் சொல்வது அவர் இஷ்டம். பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மதிப்பெண் குறைக்கவும் மாட்டேன். அவர் ஏன் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வகுப்புகளில் பழைய சூடு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் ஏறி உட்கார்ந்து கத்தியவர்களைப் போல அதற்கப்புறம் எந்த வகுப்பும் எனக்கு அமையவில்லை. நீங்கள் அதைத் தேடிப் போவீர்கள். போங்கள். கதவைத் தாழிட முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் ஓய்வுபெற்றுச் சித்தூரில் வந்து இருந்தபோது, ஒருநாள் காலை ரேவதியின் அப்பா போன் செய்தார். "அவங்க அம்மா பூட்டாங்க மேடம். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள..." என்றார்.

கல்லறைத் தோட்டம் அவர்கள் ஊருக்கு வெளியே சாலையோரம் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. பாஸ்டர் காகிதத்தைப் பிரித்து, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம் பெற்றார், பெண்கள் சங்கத்தில் என்ன செய்தார் என்று எல்லாம் இருந்தது. கணவரின் பெயர் இருந்தது. மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளுக்குத் தொல்லை வரக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளைத் தேடினேன். சாலைக்கு அந்தப் பக்கம், மாந்தோப்பு வேலி ஓரம், துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நான் சாலையைக் கடந்து போனேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"உள்ள வாம்மா. அம்மாவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடு."

"வூட்ல பாத்துட்டேன் மேடம். ராத்திரி பூரா பக்கத்துலதான் இருந்தேன்." கல்லறைப் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க நாலு பேரு போன்ல படம் புடிச்சிக்கினு இருக்காங்க. ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. எனக்கு கவர்மெண்ட் வக்கீல் வேலைக்கு லிஸ்ட்ல பேரு வந்துக்குது. சர்டிபிகேட்ட மறுபடி பாக்கறாங்க. ஏற்கெனவே ஒரு கேசு இருக்குதுன்னு அதுல எழுதிக்குது."

"செத்த வீட்டுக்குப் போறதை யாரும் மதம்னு சொல்ல முடியாது. சட்டம் அப்படி இல்லை," என்றேன். அது உண்மை. ஒரு நல்ல வக்கீல் அதைச் சுலபமாக வாதாடிவிடலாம்.

"முடியாதுதான் மேடம். அத சொல்றதுக்கு இன்னொரு தடவ அந்த ரூமுக்குள்ள போணும். நைனாவையும் கூப்புடுவாங்க." அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவே வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. எனக்கு ஏதுனா ஆச்சுன்னா நீ அங்க வராதன்னு முன்னாடியே சொல்லிக்கினு இருந்தாங்க."

அந்தப் பக்கம் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு உரசும் சத்தம் கேட்டது. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பதிலா ஒரு புடி மண்ணு போட்டுட்டு வர்றீங்களா மேடம்?"

நான் திரும்பப் போனேன். அவளுடைய அப்பா குழியோரம் நின்றிருந்தார். எல்லாரும் வரிசையாக வந்து மண்ணை அள்ளிப் போட்டார்கள். என் முறை வந்தது. ஒரு பிடி போட்டேன். நகராமல் நின்று, குனிந்து இன்னொரு பிடி அள்ளினேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினார்.